லங்காவிக் கடலும் எங்கள் ஊர் நீச்சல் குளமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடுத்தர வயதில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நீண்ட தூர டிரையத்லான் போட்டிகளில் இறங்குகிறவர்களைக் கண்டித்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் வெளியிட்டிருந்தீர்கள். இது பணம் இருப்பவர்களின் பொழுதுபோக்கு, உடம்பைக் கெடுக்கும் வேலை, குடும்பப் பெண்கள் இதில் சேர்வது உயிரோடு விளையாடுவது என்று அவர் எழுதியிருந்தார். எனக்கு வயது 47. தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள். கடந்த நவம்பரில் மலேசியாவின் லங்காவி தீவில் நடந்த அயர்ன்மேன் என்ற டிரையத்லான் போட்டியை முடித்துவிட்டு வந்தவள் என்ற முறையில் அவருக்குப் பதில் எழுதுகிறேன். அவர் ஆபத்து என்று சொன்னது வெறும் பயம் இல்லை. ஆனால் அந்த ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. அது தண்ணீரில் இருக்கிறது. அதைக் குறைக்க நம் ஊர்களில் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள். அதிலிருந்து இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம், அதாவது ஒரு முழு மாரத்தான். எல்லாம் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள். நடுவிலும் கெடு உண்டு. நீச்சலை 2 மணி 20 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். புறப்பட்டதிலிருந்து பத்தரை மணி நேரத்துக்குள் சைக்கிளை முடித்திருக்க வேண்டும். தவறினால் போட்டி அங்கேயே முடிந்தது. 1978இல் ஹவாயில், ஓவாஹு தீவில், ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்ற தம்பதி தொடங்கி வைத்தது இது. அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த ஒரு கடல் நீச்சல், ஒரு சைக்கிள் பந்தயம், ஹொனலுலு மாரத்தான் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். முதல் ஆண்டு இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். முதலாவதாக வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் சொச்சம் ஆனது. இன்று முன்னணி வீரர்கள் எட்டு மணி நேரத்துக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள். என்னைப் போன்ற அமெச்சூர்களுக்கு அந்தக் கணக்கு எதுவும் கிடையாது. கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். 1982இல் ஹவாய்ப் போட்டியில் ஜூலி மாஸ் என்ற மாணவி முதலாவதாக ஓடி வந்து, எல்லைக்குக் கொஞ்ச தூரத்தில் விழுந்து எழுந்து, கடைசியில் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். அதற்குள் கேத்லீன் மெக்கார்ட்னி என்பவர் அவரைத் தாண்டிச் சென்று 29 விநாடி முன்னதாக வென்றுவிட்டார். அதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், உலகம் முழுக்கப் போட்டியின் பெயர் பரவியது. மனதை உலுக்கும் காட்சிதான், நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் தவழ்ந்துதான் முடிக்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. லங்காவியில் நான் கண்டவர்களில் பெரும்பாலோர் நிதானமாக, சாப்பிட வேண்டியதைச் சாப்பிட்டு, நடக்க வேண்டிய இடத்தில் நடந்து முடித்தவர்கள்.

ஆபத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இறந்தவர்களும், இதயம் நின்று மீட்கப்பட்டவர்களும் சேர்த்து 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நடந்தது நீச்சலின்போது. நாள் முழுக்க நீளும் போட்டியில் நீச்சல்தான் மிகக் குறைந்த நேரம், சாவு அதிகம் நிகழ்வதும் அங்கேதான். பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் ஆண்கள் என்பதையும் அந்த வாசகர் கவனிக்க வேண்டும். பங்கேற்பவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் லட்சத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. இருந்தாலும் ஓர் உயிர் போனாலும் போனதுதான். போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே நான் இதய மருத்துவரிடம் போய் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் சோதனை எல்லாம் எடுத்துக்கொண்டேன். இதயத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் பத்துக்கும் கீழே இருந்தது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கிறது என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நானும் அதில் ஒருத்தி என்பது நாற்பது வயதுக்கு மேல், ஒரு போட்டிக்காகப் போய்ச் சோதித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மாடிப்படி ஏறினால் வாங்கிய மூச்சை எல்லாம் வயசாகிவிட்டது என்று நினைத்து விட்டிருந்தேன். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, ஈரல் என்று சரி செய்து, மருத்துவர் போகலாம் என்று சொன்ன பிறகுதான் பயிற்சியைக் கூட்டினேன். உடம்பைக் கெடுக்கும் என்று சொல்லப்படும் போட்டியால்தான் என் உடம்பை ஒருவர் முதன்முதலாக முழுமையாகப் பரிசோதித்தார்.

சரி, நீச்சல். எங்கள் ஊர் கடற்கரை ஊர். என் அலுவலக ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும். ஆனாலும் என் 39ஆம் வயது வரை எனக்கு நீச்சல் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியாது, அத்தைகளுக்குத் தெரியாது, என்னோடு படித்த பெண்களில் நீச்சல் தெரிந்தவள் ஒருத்தியைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. குற்றாலீஸ்வரன் என்ற சிறுவன் 1994இல் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தோம். நாமும் நீந்திப் பார்க்கலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்பிள்ளைக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலை ரோச் பூங்காவில் உட்கார்ந்து பார்ப்பதற்கு உள்ள ஒன்று. பாவாடை நனைந்தால் வீட்டில் திட்டு விழும்.

முட்டி வலிக்காக மருத்துவர் நீந்தச் சொன்னார், அதுதான் ஆரம்பம். எங்கள் பகுதியில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போய் விசாரித்தேன். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு என்றார்கள். எப்போது என்று கேட்டால் பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை, வாரத்தில் சில நாட்கள் மட்டும். வேலைக்குப் போகிறவள் எப்படி வருவாள்? பள்ளி, கல்லூரி மாணவி எப்படி வருவாள்? வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் அது சமையல் நேரம். அதிகாலையும் மாலையும் பொது நேரம், அதாவது ஆண்கள் நேரம். நீங்களும் வரலாம், யாரும் தடுக்கவில்லை என்று சொன்னார்கள். தடுக்கவில்லைதான். ஆனால் நாற்பது ஆண்கள் குதித்து விளையாடும் குளத்தில், தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் ஒரு பெண் முதன்முதலாக இறங்கி, மூழ்கி, தும்மி, மூக்கைச் சிந்தி எப்படிப் பழகுவாள் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பயிற்சியாளரும் ஆண். மிதக்கப் பழகும்போது முதுகுக்குக் கீழே ஒரு கை தாங்க வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதில்தான் நம் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். நான் அலுவலகத்தில் கெஞ்சி மதிய இடைவேளையை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு, ஸ்கூட்டியில் போய், தலை ஈரத்தோடு திரும்பி வந்து லெட்ஜரைத் திறந்தேன். என் மேலாளர் நல்லவர், அனுமதித்தார். எத்தனை பேருக்கு அப்படி அமையும்?

குளத்தில் 25 மீட்டர் நீந்தத் தெரிந்தவர்கள் கடலில் இறங்கினால் வேறு உலகம். அடியில் கோடு இல்லை, பிடிக்கச் சுவர் இல்லை, தலையைத் தூக்கினால் அலை. எனக்குக் கடலைச் சொல்லிக் கொடுத்தவர் திரேஸ்புரத்தைச் சேர்ந்த ஓர் அண்ணாச்சி. இளமையில் சங்கு குளித்தவர். மன்னார் வளைகுடாவில் பல பாகம் ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்கிச் சங்கு எடுத்த மனிதர். ஃப்ரீஸ்டைல் என்ற பெயர்கூட அவருக்குத் தெரியாது. என் கணவர் அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். அவர் வள்ளத்தில் உடன் வருவார், நான் பக்கத்தில் நீந்துவேன்.

"தண்ணிக்குள்ள மூச்ச அடச்சு வைக்காதீங்கம்மா, நெஞ்சு பதறும். கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. விட்டாத்தான் அடுத்தது உள்ள வரும்" என்பார். புதிதாக நீந்துகிறவர்கள் பதறுவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று உள்ளே போகாதது அல்ல, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாதது என்று பின்னால் ஒரு பயிற்சிக் கையேட்டில் படித்தேன். அண்ணாச்சி அதை முதல் நாளே சொல்லிவிட்டார். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கரையில் நின்றே பார்க்கவும், இழுக்கும் திசைக்கு எதிராக முண்டாமல் சாய்வாகக் கடக்கவும் அவரிடம்தான் கற்றேன். சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் தேய்க்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உக்கிரமாக இருக்கும்போது கடலில் இறங்கவே விடமாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும் "இன்னைக்கு வேண்டாம்மா" என்று ஒரே வார்த்தை. கடலை இத்தனை நுணுக்கமாக அறிந்தவர்கள் நம் கடற்கரைக் கிராமங்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான உயிர்காப்புப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தந்து ஊதியத்தோடு பயிற்றுநர்களாக வைத்துக்கொள்ளலாமே என்று அப்போதே நினைத்தேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

சைக்கிளும் ஓட்டமும் உழைப்பு கேட்பவை, ஆனால் வழி அடைபட்டவை இல்லை. விடிவதற்கு முன் முள்ளக்காடு, பழையகாயல், ஆத்தூர் வழியாகத் திருச்செந்தூர் சாலையில் மிதிப்பேன். பின்னால் கணவர் பைக்கில் விளக்கைப் போட்டுக்கொண்டு வருவார். இரண்டு பக்கமும் உப்பளம், மறைப்பு ஏதும் இல்லாத காற்று. எங்கள் ஊரில் மேடு கிடையாது, அதனால் மேடேறிப் பழக செங்கோட்டைக்கு அப்பால் புளியரை வளைவுகளுக்குப் போய்வந்தோம். ஓட்டத்துக்கு வீட்டு வாசலே போதும். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

லங்காவியில் போட்டி நாள் காலை. பொழுது விடிந்த சற்று நேரத்தில் கடற்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றோம். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் வெட்சூட் என்ற ரப்பர் உடைக்கு அனுமதி இல்லை. குளிர் நாட்டுப் போட்டிகளில் அந்த உடையே ஆளை மிதக்க வைத்துப் பாதி வேலையைச் செய்துவிடும். வெதுவெதுப்பான அந்தமான் கடலில் அந்த உதவி கிடையாது, அவரவர் நீச்சல்தான். சிலர் சிலராக இறக்கிவிட்டார்கள். நீச்சல் பாதையைக் காட்டும் முதல் மிதவையைத் தாண்டும் வரை யாரோ ஒருவரின் முழங்கை என் கண்ணாடியில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் என் காலைப் பிடித்து இழுத்தார், வேண்டுமென்று இல்லை, அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்த 90 பேரில் பலருக்கு இப்படி ஒரு நிமிடம் வந்திருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, அண்ணாச்சி சொன்னபடி மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பக்கத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் ஒரு காவலர் வந்து பார்த்தார். கயாக்கைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், அது நம்மை முன்னே இழுத்துச் செல்லாத வரை விதி மீறல் இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்ததே பெரிய தைரியம். பிடிக்கத் தேவைப்படவில்லை. திரும்பிப் படுத்து மறுபடி நீந்தினேன். பத்துப் பன்னிரண்டு வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி அடுத்த மிதவையைப் பார்ப்பது, கை போடுவது, மூச்சை விடுவது. வேறு எதுவும் மனதில் இல்லை. கடைசி மிதவையில் திரும்பியபோது கரையில் இருந்த பச்சை மலை தெரிந்தது. கெடுவுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் மிச்சம் வைத்து மணலில் கால் வைத்தேன். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் பெரியது அதுதான், பதக்கம் வாங்கியபோதுகூட அவ்வளவு இல்லை.

சைக்கிள் பாதை அழகானது. காடு, ரப்பர் மரங்கள், சாலையோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குரங்குகள். ஆனால் மேடும் பள்ளமும் ஓயாது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒளிந்து போகக் கூடாது, 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அதனால் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தும் ஆள் தனியாகத்தான் மிதிக்கிறார். பஞ்சர் ஆனாலும் தானே போட்டுக்கொள்ள வேண்டும். நல்லவேளை, எனக்கு ஆகவில்லை. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தேன். கடையில் விற்கும் ஜெல், அதாவது பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ், எனக்கு நாலைந்துக்கு மேல் இறங்காது. அதனால் உப்புத் தூக்கலாகப் போட்ட புளியோதரையைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து ஃபாயிலில் சுற்றியும், கோவில்பட்டிக் கடலை மிட்டாயைத் துண்டு போட்டும், பேரீச்சம்பழம் கொட்டை எடுத்தும் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், உப்பு விளையும் ஊர்க்காரி இல்லையா. வெயிலில் நீண்ட நேரம் உழைக்கும்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துபோய் அதுவே உயிருக்கு ஆபத்தாகும் என்பது பலருக்குத் தெரியாது. தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், பேச்சுத் தடுமாற்றம் வரும். பார்க்கிறவர்கள் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். ஓட்டப் பாதையில் ஒரு நடுத்தர வயதுக்காரர் ஓரமாக உட்கார்ந்து மோதிரத்தைக் கழற்ற முடியாமல் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மருத்துவக் குழுவினர் அவரை அழைத்துப் போய்ச் சோதித்தார்கள். தாகம் எடுக்கிற அளவுக்குக் குடிப்பது, கூடவே உப்பும் சேர்ப்பது. நம் ஊர் மாரத்தான்களில் ஓடும் இளைஞர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 42 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடந்தேன். மாலையில் மழை பெய்து நின்றது, காலணி நனைந்து கொப்புளம் கிளம்பியது, அவ்வளவுதான். ஆனால் வழியில் தண்ணீர், ஐஸ், கோலா, தர்ப்பூசணி கொடுக்க நின்ற தன்னார்வலர்களை மறக்க மாட்டேன். இரவு ஒரு மேசையில் நின்ற இளம்பெண், என் மார்பில் இருந்த எண் பட்டையில் பெயரைப் படித்துவிட்டு, "அக்கா தமிழா? தொப்பிக்குள்ள ஐஸ் போடவா?" என்றாள். மலேசியாவின் சுங்கைப்பட்டாணி ஊரிலிருந்து கல்லூரித் தோழிகளோடு வந்தவளாம். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். "கடல் பக்கத்து ஊரா? அப்ப சின்ன வயசிலேயே நீச்சல் வந்திருக்குமே" என்றாள். நின்று விளக்க நேரம் இல்லை. சிரித்துவிட்டு நகர்ந்தேன். அடுத்த சுற்றில் வந்தபோது "மெதுவா போங்கக்கா, இன்னும் நேரம் இருக்கு" என்று கடிகாரத்தைக் காட்டினாள். அவள் கேட்டது மட்டும் மனதில் நின்றது. வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாநிலத்தின் பெண்ணுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் இயல்பு.

16 மணி நேரத்தைத் தாண்டி எல்லைக் கோட்டைத் தொட்டேன். முன்னாலேயே முடித்துவிட்ட பலர் தூங்கப் போகாமல் வந்து நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் அழுதார். மகளுக்கு வீடியோ அழைப்பு போட்டோம். மறுநாள் படி இறங்க முடியவில்லை, ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

பணம் இருப்பவர்களின் பொழுதுபோக்கு என்று அந்த வாசகர் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. பதிவுக் கட்டணம், விமானம், தங்குமிடம், சைக்கிளைப் பெட்டியில் போட்டு அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்தால் பெரிய தொகை. எனக்கும் சீட்டு எடுத்த பணமும், ஒருவர் ஓட்டி விற்ற சைக்கிளும்தான் கைகொடுத்தன. அதனால்தான் எல்லோரும் அயர்ன்மேன் போட்டிக்குப் போங்கள் என்று நான் எழுதவில்லை. ஆனால் நீச்சல் பணக்காரர்களின் பொழுதுபோக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் குழந்தைகள் ஏராளம். கோடை விடுமுறை வந்தால் தாமிரபரணியில் குளிக்கப் போன சிறுவர்கள், பண்டிகை நாளில் கடலில் கால் நனைக்கப் போன குடும்பம் என்று உங்கள் நாளிதழின் உள்பக்கத்திலேயே ஆண்டுதோறும் படிக்கிறோம். பிள்ளை மூழ்குவதைப் பார்த்துக் காப்பாற்ற இறங்கிய தாயும் சேர்ந்து போன செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு தாய்க்கு நீச்சல் தெரிந்தால் அவள் பிள்ளைகளுக்கும் தெரிய வழி பிறக்கும். வயது தடையே இல்லை. ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா பணியிலிருந்து விலகிய பிறகு, அறுபது வயதில் நீச்சல் பழகத் தொடங்கி, எழுபதில் முதல் டிரையத்லான் செய்து, 2018இல் 85 வயதில் ஹவாய் உலகப் போட்டியைக் கெடுவுக்குள் முடித்தார். அறுபதில் அவருக்கு இறங்க ஒரு குளம் இருந்தது என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

நான் கேட்பது இதுதான். நம் மாவட்டங்களில் உள்ள நீச்சல் குளங்களில், வேலைக்குப் போகும் பெண்களும் மாணவிகளும் வரக்கூடிய நேரத்தில், காலை ஐந்தரை முதல் ஆறரை வரையோ, மாலை ஆறரை முதல் ஏழரை வரையோ, ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். பெண் பயிற்றுநர் ஒருவர் வேண்டும். கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடையோடு இறங்கலாம் என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வைத்தால் தயங்கி நிற்கும் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். பெண்கள் கூட்டம் வராது, நேரம் வீணாகும் என்று ஒரு பொறுப்பாளர் என்னிடம் சொன்னார். பகல் பதினொரு மணிக்கு வைத்துவிட்டு எப்படிக் கூட்டம் வரும்? மூன்று மாதம் காலையில் வைத்துப் பார்க்கட்டும். நான் லங்காவியிலிருந்து வந்த பிறகு எங்கள் தெருவிலும் அலுவலகத்திலும் பெண்கள் என்னிடம் கேட்பது போட்டியைப் பற்றி இல்லை. "எனக்கும் நீச்சல் வருமா, எங்க போய் பழகுறது" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. இன்னொருவர் எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் அக்கா. இப்போதைக்கு முத்துநகர் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் மிதக்க மட்டும் சிலருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அண்ணாச்சி கரையில் நின்று பார்த்துக்கொள்கிறார். முறையாகக் கற்றுத்தர எனக்குத் தகுதி இல்லை, அதற்குக் குளமும் பயிற்றுநரும்தான் வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கொடுக்க ஒரு மனு தயாரித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். வேறு ஊர்களில் எங்காவது காலையிலோ மாலையிலோ பெண்களுக்கான நேரம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தால், கட்டணம் எவ்வளவு, பயிற்றுநரை எப்படி அமர்த்தினார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்ற விவரங்களை வாசகர்கள் இதே பகுதிக்கு எழுதி அனுப்பினால், அவற்றை எங்கள் மனுவோடு இணைத்துக் கொடுப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
தூத்துக்குடி.